ஏழாவது கேள்வி

அத்தியாயம் பதினான்கு

ஐந்து நாளாக மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு இல்லை.

பிள்ளைகள் இரண்டும் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. பெரியவர்கள் இருவரும்தான், படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருத்தி செருப்பைக் குனிந்து பார்ப்பதும் இன்னொருத்தி கைபேசியைத் தேடுவதுமாக இருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம், திங்கட்கிழமை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு காகிதம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிறப்புக் கணக்கு வகுப்புக்குத் தேர்வானவர்கள் பன்னிரண்டு பேர். அதில் பத்துப் பேர் பையன்கள். கீழ்வீட்டில் இருக்கும் கணக்கு டீச்சரின் மகன் பட்டியலில் இருந்தான். மாடியில் குடியிருக்கும் நாத்தனாரின் மகள் வாண்டு இல்லை. கேள்வித்தாள் தயாரித்தது, திருத்தியது, பட்டியல் போட்டது, மூன்றும் டீச்சர்தான்.

அன்று மாலையே நாத்தனார் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள். டீச்சரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பொண்ணுங்க சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்வாங்க பாப்பா. புதுசா ஒண்ணு கொடுத்தா தடுமாறுவாங்க. பதிமூணு வருஷமா பார்க்கறேன்."

"உங்களையும் சேர்த்தா அண்ணி?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் மேலே போனவள்தான். அதன் பிறகு கீழ்வீட்டுக்குள் வரவில்லை.

இன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வந்து நின்றாள்.

நாற்பது வயதாகியும் அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. கணவன் கப்பலில். வருடத்தில் பாதி நாள் தண்ணீரில், மீதி நாள் தூக்கத்தில் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இன்று முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் நாலு நீலப் பேனாவும் இருந்தன.

நகரப் பேருந்து ஓட்டும் அண்ணன், காலைப் பணிக்குக் கிளம்பி ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும், "அப்பாடா, மேல்வீட்டு சர்க்கார் இறங்கி வந்தாச்சு" என்றான். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில், இரண்டாவது லேசைக் கட்டாமலே வெளியேறினான்.

"அண்ணி, சண்டை போட வரல. ஒண்ணு கேட்கணும்."

"உட்காரு."

"வகுப்புல ஒட்டின கேள்வி வாரியான மார்க் லிஸ்ட்டை வாண்டுகிட்ட வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆறு கேள்வியும் சரி, தப்பு, அவ்வளவுதான். அதுல பையன்களும் பொண்ணுங்களும் கிட்டத்தட்ட சமம். ஏழாவதுலதான் பிரியுது. அது ஒண்ணுலதான் நீங்க படிச்சுப் பார்த்து, யோசிச்சு மார்க் போடணும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "நான் ஆள் பார்த்து மார்க் போடறேன்ங்கறியா?"

"வேணும்னு போடறீங்கன்னு சொல்லல. எங்க லேபுல ரத்தம் எடுத்து வைக்கிற டியூப் மேல நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். ஏன் தெரியுமா? ஒரு தடவை என் சொந்தக்காரர் ரத்தம்னு தெரிஞ்சே பார்த்தேன். சர்க்கரை இருக்கக்கூடாதேன்னு மனசு அடிச்சுக்குது. ரெண்டாவது முறை பார்க்கறேன், மூணாவது முறை பார்க்கறேன். மத்தவங்க ரத்தத்தை ஒரு முறைதானே பார்க்கறோம்? அவ்வளவுதான் அண்ணி விஷயம்."

"பேரை மறைச்சாலும் கையெழுத்தைப் பார்த்தே யாருன்னு சொல்லிடுவேனே."

"அதுக்குத்தான் பேனா கொண்டு வந்திருக்கேன். முப்பத்தெட்டு பேர் எழுதின ஏழாவது கேள்விக்கும் நான் ஒரே கையெழுத்துல நகல் எழுதித் தரேன். நம்பர் மட்டும் போடறேன். நீங்க திருத்துங்க. பழைய மார்க்கே வந்தா உங்க கால்ல விழறேன்."

டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தாள். தன் திருத்தலில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. முப்பத்தெட்டு தாள் என்ன, முந்நூறு கொடுத்தாலும் அதே மதிப்பெண்தான் வரும். இந்த ஐந்து நாள் ஊமைப் படம் முடிந்தால் போதும்.

"அடிச்சது, திருத்தினது, படம், எல்லாம் அப்படியே வரணும். உன் பொண்ணுது உட்பட."

"ரத்தத்துல சர்க்கரையைக் கலந்து ரிப்போர்ட் கொடுக்கிறவளா நான்?" என்று விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டு நாத்தனார் மாடி ஏறினாள்.

பிள்ளைகள் இருவரையும் நூலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. டீச்சர் துணிகளைத் துவைக்கப் போட்டாள், உலர்த்தினாள், மடித்த துணியையே மறுபடி மடித்தாள். நடுவில் ஒருமுறை தேநீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நாத்தனார் தலை நிமிரவில்லை. நாக்கு நுனியை உதட்டோரம் நீட்டியபடி, யாரோ ஒரு பையனின் கோணல் செவ்வகத்தை அதே கோணலோடு வரைந்துகொண்டிருந்தாள். வலது கையை ஒரு முறை உதறி, மறுபடி பேனாவைப் பிடித்தாள்.

அந்தக் கையை டீச்சர் பார்த்தபடி நின்றாள்.

பதினாலு வருடத்துக்கு முன்பு, பட்ட மேற்படிப்பின் கடைசித் தேர்வு. மகன் பிறந்து ஐம்பது நாள். தேர்வு எழுதப் போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னபோது, லேபில் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டுக் கூடவே வந்தவள் இந்தப் பாப்பாதான். கல்லூரி வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சில் நாலு தேர்வுக்கும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீல் என்று கத்தினால், தேர்வு அறைக்குக் கேட்கக்கூடாது என்று தெருக்கோடி வரை தூக்கிக்கொண்டு ஓடுவாளாம். அதை அவளாகச் சொன்னதில்லை. வாசல் காவலாளி சொல்லித்தான் தெரியும். அவள் ஓடிய ஓட்டத்தில்தான் தனக்கு டீச்சர் என்ற பெயர் வந்தது. அந்த நன்றியை வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் படிக்கட்டில் நின்று திங்கட்கிழமை சொன்னதுதான்.

தேநீரை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினாள்.

பதினொரு மணிக்கு நகல்கள் வந்தன. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு டீச்சர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

கேள்வி இதுதான்: ஒரு செவ்வகத்தின் சுற்றளவு முப்பத்தாறு மீட்டர். அதன் பரப்பளவு மிக அதிகமாக இருக்க வேண்டுமானால் நீளமும் அகலமும் எவ்வளவு இருக்க வேண்டும்? ஏன் என்று விளக்குக.

விடை, பக்கத்துக்கு ஒன்பது மீட்டர் உள்ள சதுரம். அது முக்கால்வாசிப் பேருக்கு வந்திருந்தது. 'ஏன்' என்பதில்தான் மதிப்பெண்.

ஒரே கையெழுத்தில் படிப்பது விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு தாளிலும் இது யார், இது யார் என்று மனம் மோப்பம் பிடிக்கப் பார்த்தது. ஐந்தாறு தாளுக்குமேல் அதுவும் அலுத்துப் போய், விடையை மட்டும் பார்க்கத் தொடங்கியது.

எட்டாம் எண் மூன்று உதாரணம் போட்டிருந்தது. பத்தும் எட்டும் எண்பது, பன்னிரண்டும் ஆறும் எழுபத்திரண்டு, ஒன்பதும் ஒன்பதும் எண்பத்தொன்று, ஆகவே சதுரம். மூன்று எண்ணை வைத்து முடிவு சொல்லலாமா? நாலு மதிப்பெண் போட்டாள். முப்பத்தோராம் எண்ணிலும் அச்சாக அதே மூன்று உதாரணம். அதற்கும் நாலு.

இருபத்து மூன்றாம் எண்ணில் பேனா நின்றுவிட்டது.

அதில் ஒரு சூத்திரமும் இல்லை. ஒரு சதுரம் வரைந்து, அதன் மேல்பக்கத்திலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அதைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் கிடைப்பது செவ்வகம். சுற்றளவு மாறவில்லை. ஆனால் பட்டை நீளமாக இருப்பதால் நுனியில் ஒரு குட்டிச் சதுரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, செவ்வகத்தில் அது சேராது. அதன் மேல் ஒரு அம்புக்குறி. கீழே ஒரே வரி: 'எவ்வளவு அகலப் பட்டை வெட்டினாலும் இவ்வளவு வீணாகும். அதனால் வெட்டாமல் இருப்பதே பெரிது.'

டீச்சர் அதை மூன்று முறை பார்த்தாள். பதின்மூன்று வருடமாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நாலு வரிச் சமன்பாடாகப் போட்டுக் காட்டுகிறாள். இப்படி ஒரு கத்தரிக்கோல் வெட்டில் முடியும் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

"பாப்பா, இதைப் பாரேன்! யாரு இது?"

"நம்பரைத் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டேன்."

பத்துக்குப் பத்து போட்டாள்.

ஒரு மணிக்கு ஒப்பிட உட்கார்ந்தார்கள். நாத்தனார் எண்ணுக்குரிய பெயரையும் பழைய மதிப்பெண்ணையும் வாசிக்க, டீச்சர் புதியதைச் சொன்னாள். முதல் ஏழில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு குறைந்தது. ஒரு பையனுக்கு ஒன்று கூடியது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எட்டாம் நம்பர்" என்றாள் நாத்தனார். அப்புறம் நிறுத்தினாள்.

"சொல்லு."

"நம்ம பையன். பழைய மார்க் எட்டு. 'நல்ல உள்ளுணர்வு'ன்னு எழுதியிருக்கீங்க."

"இப்ப நாலு" என்றாள் டீச்சர் மெல்ல.

"முப்பத்தொண்ணு ரெண்டாவது வரிசைப் பொண்ணு. அதே மூணு உதாரணம். பழைய மார்க் நாலு. 'வெறும் மூன்று எண்களை வைத்து முடிவு சொல்லக்கூடாது'ன்னு எழுதியிருக்கீங்க."

டீச்சர் இரண்டு அசல் தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே விடை, ஒரே சிவப்புப் பேனா, ஒரே கை. ஒன்றுக்கு உள்ளுணர்வு, இன்னொன்றுக்குக் கண்டிப்பு. மகன் என்பதாலா? கட்டைப் புரட்டினாள். மகனாக இல்லாத பையன்களின் தாளிலும் 'கெட்டிக்காரன், அவசரம் வேண்டாம்' என்று இருந்தது. அதே தவறைப் பெண்கள் செய்திருந்தால் 'கவனக்குறைவு'. ஒன்பது தாளில் கவனக்குறைவு. ஒன்பதும் பெண்கள்.

"இருபத்து மூணு?" என்றாள்.

"ஜன்னலோரத்துல உட்காருமே, வாயே திறக்காதே, அந்தப் பொண்ணு. பழைய மார்க் மூணு. 'படம் போதாது, சூத்திரம்?'"

கூட்டிக் கழித்துப் பார்க்க டீச்சருக்குத் தாள் தேவைப்படவில்லை. பையன்களுக்குச் சராசரியாக ஒன்று குறைந்திருந்தது. பெண்களுக்கு ஒன்றரை கூடியிருந்தது. பட்டியலிலிருந்து மூன்று பையன்கள் இறங்கினார்கள். மூன்று பெண்கள் ஏறினார்கள். இறங்கிய மூவரில் ஒருவன் தன் மகன்.

ஏறிய மூவரில் வாண்டு இல்லை. சமன்பாடெல்லாம் அழகாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் கழித்தலுக்குப் பதில் கூட்டலைப் போட்டிருந்தாள். ஆறு இருந்தது ஏழானது. பதின்மூன்றாவது இடம். ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

நாத்தனார் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உதறிச் சிவந்த கையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. "நாலு மணி நேரம் கை ஒடிய எழுதினேன் அண்ணி. கடைசில ஊரான் பொண்ணுக்கு சீட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன்."

டீச்சர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்களையும் சேர்த்தான்னு கேட்டியே. என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கேன், பாப்பா. பள்ளிக்கூடத்துல எனக்கும் 'கவனக்குறைவு'ன்னுதான் எழுதுவாங்க. அதையே வாங்கி வாங்கி, நானும் எழுதக் கத்துக்கிட்டேன். நீ இல்லேன்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் எழுதியிருப்பேன். அன்னிக்கு வாசல்ல குழந்தைய வெச்சுக்கிட்டு உட்கார்ந்தே, இன்னிக்கு இது. நான் உனக்கு என்ன செய்யப் போறேன்?"

"முதல்ல கைக்குத் தைலம் தேய்ச்சு விடுங்க" என்றாள் நாத்தனார்.

ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் வந்தன. டீச்சர் எதையும் மறைக்கவில்லை. மகனை உட்கார வைத்து இரண்டு தாளையும் காட்டினாள்.

"எட்டு அதிகம்னு அன்னிக்கே தோணுச்சும்மா" என்றான் அவன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மெதுவாகத்தான் சாத்தினான். ஓங்கி அறைந்திருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

வாண்டு தன் மதிப்பெண்ணைக்கூடக் கேட்கவில்லை. இருபத்து மூன்றாம் தாளை எடுத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அத்தை, இது சூப்பர்! நான் ஒரு பக்கம் முழுக்க எழுதினதை இது ஒரு படத்துல முடிச்சிருக்கு. பேசாம இருக்கறதால இதுக்கெல்லாம் நேரம் கிடைக்குது போல."

"திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லிக்கலாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"அவங்ககிட்ட திங்கட்கிழமை. அந்தப் பொண்ணுகிட்ட இன்னிக்கே சொல்லணும். ஆறு நாளா மூணு மார்க்கோட உட்கார்ந்திருக்கு."

பணி முடிந்து திரும்பிய கணவனிடம் விஷயத்தைச் சொல்லி, மகனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டீச்சரும் நாத்தனாரும் கிளம்பினார்கள். வகுப்புப் பதிவேட்டில் இருந்த முகவரி, இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரியின் மாடி. கீழே பேக்கரியில் அந்தப் பெண்ணின் அம்மாவே நின்றிருந்தாள். வெள்ளைத் தொப்பி, மணிக்கட்டுவரை மாவு. டீச்சரைப் பார்த்ததும் ரொட்டி வெட்டும் கத்தி கையிலேயே நின்றது.

"ஏதாவது தப்பு பண்ணிட்டாளா டீச்சர்?"

"அவ பண்ணல. நான்தான் பண்ணிட்டேன். அவ கணக்குத் தாளைத் தப்பாத் திருத்திட்டேன்."

"கணக்கா?" என்று அந்த அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள். "அதை விடுங்க டீச்சர். பதினொண்ணாவதுல என்ன பாடம் வேணும்னு இப்பவே கேட்கிற ஃபாரத்துல, கணக்கு வேண்டாம்னு டிக் போட்டு நேத்தே கொடுத்துட்டா. 'எனக்கு வராதாம்மா, டீச்சரே எழுதியிருக்காங்க'ன்னா. சரி, வராததை எதுக்குக் கட்டி இழுக்கணும்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

மூன்று வார்த்தை. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று அவசரத்தில் கிறுக்கிய மூன்று வார்த்தை.

"அவளைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

ஜன்னலோரத்துப் பெண் இறங்கி வந்தாள். கடைசிப் படியிலேயே நின்றுகொண்டாள். ரொட்டி வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். டீச்சர் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

"நீ வரைஞ்ச படத்துக்கு மூணு போட்டேன். அது தப்பு. பத்துக்குப் பத்து போட்டிருக்கணும். இத்தனை வருஷத்துல இந்தக் கணக்கை இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சு நான் பார்த்ததில்ல. என்னை மன்னிச்சுக்கோ. எனக்கு ஒரு புது வழி காட்டினதுக்கு ரொம்ப நன்றி."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "சூத்திரம் இல்லாம போதுமா மிஸ்?"

"போதும்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஃபாரத்தை மாத்தலாம். திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. கட்டாயம் இல்ல. உனக்கு இஷ்டம் இருந்தா."

அந்தப் பெண், டீச்சர் நீட்டிய அசல் தாளை வாங்கிச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தாள். பழைய மூன்று அடிக்கப்பட்டு, பக்கத்தில் பத்து. 'படம் போதாது' என்பது முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறினாள். பாதியில் நின்று எட்டிப் பார்த்தாள். வகுப்பில் ஒரு வருடமாகக் கேட்காத குரல் படிக்கட்டிலிருந்து வந்தது.

"மிஸ், முக்கோணமா இருந்தா எங்க வெட்டணும்?"

"தெரியலயேம்மா" என்றாள் டீச்சர். "நீ யோசி. நானும் யோசிக்கறேன்."

பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. அம்மா கத்தியைக் கீழே வைத்து, கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு முழு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நாத்தனார் கையில் திணித்தாள். எவ்வளவு மறுத்தும் விடவில்லை.

சூடான ரொட்டியோடு தெருவில் இறங்கினார்கள்.

"அதுக்குக் கணக்கு வரும் அண்ணி. ஃபாரத்தை மாத்திடும் பாருங்க" என்றாள் நாத்தனார்.

"மாத்தலேன்னா அது என் கணக்குல எழுத வேண்டிய தப்பு."

கைபேசி அடித்தது. கணவன்.

"எங்க இருக்கே? சீக்கிரம் வா. உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்கு வந்திருக்காங்க."

"இங்கயா? நான் அவங்ககிட்ட இன்னும் பேசவே இல்லயே!"

"நம்ம பையன் ஃபோன் பண்ணி வரச் சொல்லியிருக்கான். என்ன சொன்னான்னு என்கிட்ட ரெண்டு பேருமே மூச்சுவிட மாட்டேங்கறாங்க. ரெண்டு தாளையும் மேஜை மேல விரிச்சு வெச்சு உட்கார்ந்திருக்காங்க. அம்மா வந்தாத்தான் பேசுவானாம்."

டீச்சர் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். நாத்தனார் ரொட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலிக்கிற வலது கையால் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நடங்க அண்ணி. நானும் கூட வரேன்ல."